அரசு ஆய்வகத்தோடு சேர்ந்து வேலை செய்வது எப்படி: சிறு தொழிற்சாலைகளுக்கு முழுமையான வழிகாட்டி

அரசு ஆய்வகம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் தரும். கேள்வி தெளிவாக இருந்தால் பதிலும் தெளிவாக வரும். "எங்க ஜாப் துருப்பிடிக்குது, ஏதாவது பண்ணுங்க" என்று போனால், நாற்பது பக்க அறிக்கை கிடைக்கும்; துரு நிற்காது. சிறு தொழிற்சாலைகள் ஏமாற்றத்தோடு திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் விஞ்ஞானிகளின் திறமைக் குறைவு காரணமல்ல. வேலைகளை வரிசை மாற்றிச் செய்வதே காரணம். ஆய்வக வாசலை மிதிப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சிறு ப்ளேட்டிங் (மின்சாரத்தால் உலோகப் பூச்சு ஏற்றும்) தொழிற்சாலை. ஸ்டீல் பிராக்கெட்டுகளுக்கும் போல்ட்டுகளுக்கும் 8 மைக்ரான் துத்தநாகம் ஏற்றி, அதன் மேல் மூவிணைதிற குரோமியம் பாசிவேஷன் (துத்தநாகத்தைக் காக்கும் மெல்லிய படலம்) கொடுக்கிறது. கஸ்டமர் கேட்பது, 96 மணி நேர சால்ட் ஸ்ப்ரேயில் (உப்புநீர்ப் புகையில் வைக்கும் அரிப்புச் சோதனையில்) வெள்ளைத் துரு வரக் கூடாது என்பது. சில லாட்டுகள் (ஒரே தடவையில் ப்ளேட்டிங் செய்த ஜாப்களின், அதாவது உதிரிபாகங்களின், தொகுதி) தேறுகின்றன, சில லாட்டுகள் 40 மணியிலேயே வெளுக்கின்றன. உங்கள் தொழில் வார்ப்போ, தோலோ, ரப்பரோ, மசாலாப் பொடியோ ஆனாலும் படிகள் மாறாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) சான்றிதழ், ஜிஎஸ்டி எண், பான், கஸ்டமரின் ட்ராயிங்கும் தர விவரக்குறிப்பும், கடைசி மூன்று மாத லாட் பதிவேடு. இவற்றோடு, ஆய்வகத்தோடு பேச ஒரே ஒரு ஆளை நியமியுங்கள். முதலாளி ஒன்று, கியூசி (தரக் கட்டுப்பாட்டு ஆள்) வேறொன்று, கெமிக்கல் சப்ளையர் மூன்றாவதாக ஒன்று சொன்னால், ஆய்வகம் மூன்று வெவ்வேறு பிரச்சினைகளுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்.

1. பிரச்சினையை அளவால் எழுதுங்கள்

ஒரே பக்கம் போதும். என்ன பொருள், எந்த ஸ்டீல், என்ன தடிமன், எந்தச் சோதனை முறை, எத்தனை மணி தாங்க வேண்டும், எத்தனை மணி தாங்குகிறது, மாதத்துக்கு எத்தனை லாட்டில் எத்தனை திரும்புகிறது. "தரம் சரியில்லை" என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்கும் இருக்கக் கூடாது.

துருவின் நிறத்தைக் கட்டாயம் எழுதுங்கள். வெள்ளைத் துரு என்றால் துத்தநாகம் அரிக்கிறது, அதாவது பாசிவேஷன் படலம் தோற்றுவிட்டது. சிவப்புத் துரு என்றால் அடியிலுள்ள ஸ்டீலே அரிக்கிறது, அதாவது துத்தநாகப் பூச்சு மெலிந்திருக்கிறது அல்லது விட்டுப்போயிருக்கிறது. இரண்டும் வேறு வேறு நோய்கள். "துரு" என்று மொட்டையாக எழுதினால், ஆய்வகம் இரண்டையும் தேடும். நாளும் பணமும் இரட்டிப்பாகும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பிரச்சினைக்குப் பதிலாகத் தீர்வை எழுதிக்கொண்டு போவது. "நானோ கோட்டிங் வேண்டும்" என்று கேட்டால் நானோ கோட்டிங் தெரிந்தவரிடம் அனுப்பிவிடுவார்கள். உங்கள் உண்மையான கோளாறு பாசிவேஷன் டேங்கில் இரும்பு சேர்ந்துபோனதாக இருக்கலாம். அதைப் பார்க்க வேண்டியவர் இன்னொருவர்.

2. உங்களால் பார்க்க முடிந்ததை முதலில் நீங்களே பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். பத்து நாள் வேலைதான். ஆனால் ஆய்வகத்தில் ஆகும் செலவில் பெரும்பகுதியை இது மிச்சப்படுத்தும். சில சமயம் ஆய்வகத்துக்கே போக வேண்டியிருக்காது.

முதலில் சால்ட் ஸ்ப்ரே பெட்டியையே சந்தேகியுங்கள். உப்புக் கரைசல் 5 சதவீதம், பெட்டிக்குள் வெப்பம் 35 டிகிரி, சேகரித்த திரவத்தின் பிஎச் 6.5 முதல் 7.2 வரை. 80 சதுர செ.மீ. பரப்புள்ள புனலில் மணிக்கு 1 முதல் 2 மி.லி. வரை திரவம் விழ வேண்டும். இதைத் தினமும் அளந்து எழுதாத பெட்டியின் முடிவை வைத்து யாரோடும் வாதாட முடியாது. கஸ்டமரின் பெட்டியும் உங்கள் பெட்டியும் வேறுபடுகின்றனவா என்று பார்க்க, ஒரே லாட்டைப் பாதியாகப் பிரித்து இரண்டிலும் போடுங்கள். பாசிவேஷன் முடிந்து 24 மணி நேரம் ஆறிய பிறகே பெட்டிக்குள் வைக்க வேண்டும். படலம் இறுகும் முன் உள்ளே போன ஜாப் சீக்கிரம் வெளுக்கும்.

அடுத்து தடிமன். ஒரே இடத்தில் அளந்து "8 மைக்ரான் இருக்கு" என்று நிறுத்திவிடாதீர்கள். விளிம்பு, நடு, உள்மடிப்பு என்று குறைந்தது ஐந்து இடங்களில் அளவெடுங்கள். கரண்ட் விளிம்புக்குத்தான் அதிகம் போகும். விளிம்பில் 12 மைக்ரான் இருக்கும்போது உள்மடிப்பில் 4 மைக்ரான்தான் இருக்கலாம்.

பிறகு பாசிவேஷன் டேங்க். பிஎச், வெப்பம், மூழ்கும் நேரம் மூன்றையும் ஒரு வாரம் ஷிப்டுக்கு இருமுறை குறியுங்கள். கெமிக்கல் சப்ளையரின் தாளில் உள்ள எல்லைகளோடு ஒப்பிடுங்கள். டேங்கின் அடியில் விழுந்து கிடக்கும் ஜாப்களைத் தேடி எடுங்கள். அவை கரைந்து இரும்பாகச் சேர்கின்றன, அந்த இரும்பு படலத்தைக் கெடுக்கிறது. கடைசி ரின்ஸ் (அலசும்) தண்ணீரின் கடினத்தன்மையையும் குளோரைடையும் சோதிக்கக் கொடுங்கள். கோடையில் போர் தண்ணீர் மாறும் ஊர்களில் "சில லாட் தேறுது, சில லாட் தேறல" என்பதற்கு இதுவே விடையாக இருப்பதுண்டு.

இந்த அளவுகளை லாட் எண்ணோடு ஒரே தாளில் பதியுங்கள். ஆய்வகத்துக்கு நீங்கள் கொண்டுபோகும் சொத்துகளில் மதிப்பு மிகுந்தது இதுதான். விஞ்ஞானியிடம் மைக்ராஸ்கோப் இருக்கிறது. உங்கள் மூன்று மாத வரலாறு அவரிடம் இல்லை.

3. எந்த ஆய்வகம்?

பெயரைப் பார்த்துப் போகாதீர்கள், துறையைப் பார்த்துப் போங்கள். அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றம், அதாவது சிஎஸ்ஐஆர், நாடெங்கும் ஆய்வகங்களை நடத்துகிறது. ப்ளேட்டிங், அரிப்பு, பேட்டரி என்றால் காரைக்குடியிலுள்ள செக்ரி. தோல், தோல் கழிவுநீர் என்றால் சென்னை அடையாறு சிஎல்ஆர்ஐ. கட்டுமானப் பொருள்கள், கோபுரங்கள் என்றால் தரமணி எஸ்இஆர்சி. உணவு என்றால் மைசூரு சிஎஃப்டிஆர்ஐ. கண்ணாடி, செராமிக் என்றால் கொல்கத்தா சிஜிசிஆர்ஐ. சிஎஸ்ஐஆருக்கு வெளியேயும் இருக்கின்றன: இயந்திரக் கருவிகளுக்கும் துல்லிய அளவீட்டுக்கும் பெங்களூரு சிஎம்டிஐ, பவுடர் மெட்டலர்ஜிக்கும் மேற்பரப்புப் பூச்சுக்கும் ஹைதராபாத் ஏஆர்சிஐ.

வெறும் சோதனைதான் வேண்டும் என்றால் இவ்வளவு தூரம் வேண்டாம். சென்னை கிண்டியிலுள்ள எம்எஸ்எம்இ சோதனை மையமோ, உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள என்ஏபிஎல் (ஆய்வகங்களை மதிப்பிடும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகமோ போதும். "ஏன் இப்படி ஆகிறது, எப்படி மாற்றுவது" என்ற கேள்விக்குத்தான் ஆராய்ச்சி ஆய்வகம்.

தேர்ந்தெடுக்கும்போது அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் மூன்றைப் பாருங்கள்: தொழில்நுட்பப் பட்டியல், சோதனைக் கட்டணப் பட்டியல், உங்கள் விஷயத்தில் கட்டுரையோ காப்புரிமையோ வெளியிட்ட பிரிவின் பெயர். மூன்றாவதைப் பார்ப்பதால், கடிதத்தைச் சரியான பிரிவின் பெயரிட்டு அனுப்ப முடியும். பெயர் இல்லாத கடிதம் பிரிவு பிரிவாகச் சுற்றும்.

4. எந்த வகை உறவு வேண்டும் என்று முன்பே தீர்மானியுங்கள்

ஆய்வகத்தின் கணக்கில் ஒவ்வொரு வகைக்கும் தனி விதி, தனி விலை, தனி உரிமை. தப்பான வகையில் நுழைந்தால் பாதியில் மாற்ற முடியாமல் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும்.

சோதனை: மாதிரி கொடுக்கிறீர்கள், எண்கள் கிடைக்கின்றன. விளக்கமோ ஆலோசனையோ அதில் அடங்காது. கட்டணம் பட்டியல்படி, பொதுவாக முன்பணமாக.

தொழில்நுட்ப ஆலோசனை: அவர்களிடம் ஏற்கெனவே உள்ள அறிவை உங்கள் பிரச்சினைக்குப் பொருத்திச் சொல்கிறார்கள். தேவைப்பட்டால் உங்கள் ஷாப் ஃப்ளோருக்கே வருவார்கள். சிறு தொழிற்சாலைகளின் பெரும்பாலான சிக்கல்களுக்கு இதுவே பொருந்தும். ஆனால் பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாமல், நேரே ஆராய்ச்சித் திட்டம் கேட்கிறார்கள்.

நிதியளிப்புத் திட்டம்: புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லி நீங்கள் முழுப் பணமும் தருகிறீர்கள். கூட்டுத் திட்டம்: பணம், ஆள், பொருள் இரு பக்கமும் பகிரப்படும், பலனும் பகிரப்படும்.

தொழில்நுட்ப உரிமம்: அவர்கள் ஏற்கெனவே உருவாக்கி வைத்திருப்பதை வாங்கிப் பயன்படுத்துகிறீர்கள்.

நம் உதாரணத்துக்குச் சரியான வரிசை: முதலில் சோதனை, காரணம் தெரிந்த பிறகு ஆலோசனை, அதிலும் தீராவிட்டால் மட்டுமே திட்டம். காரணமே தெரியாமல் ஒரு வருடத் திட்டத்தில் கையெழுத்திடாதீர்கள்.

5. முதல் கடிதம்

கடிதம் போக வேண்டிய இடம் தொழில் வளர்ச்சிப் பிரிவு. நகல் சம்பந்தப்பட்ட விஞ்ஞானிக்கு. தெரிந்தவர் மூலம் விஞ்ஞானியோடு போனில் பேசிக்கொள்வது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. கோப்பு எண் இல்லாத வேலை அலுவலகக் கணக்கில் இல்லாத வேலை. அந்த விஞ்ஞானி மாறுதலாகிப் போனாலோ ஓய்வு பெற்றாலோ, உங்கள் மாதிரிகள் அலமாரியில் தூங்கும்.

முதல் படியில் எழுதிய ஒரு பக்கத்தை இணையுங்கள். கடிதத்தில் நான்கு விஷயம்: நாங்கள் யார், என்ன தயாரிக்கிறோம்; பிரச்சினை இது; இதுவரை நாங்களே பார்த்தவை இவை; உங்களிடம் எதிர்பார்ப்பது இது, இந்தத் தேதிக்குள்.

கெமிக்கல் விகிதம், கஸ்டமர் பெயர், ட்ராயிங் போன்றவற்றை முதல் கடிதத்தில் அனுப்ப வேண்டாம். ரகசியக் காப்பு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கொடுங்கள். கஸ்டமரின் ட்ராயிங் உங்கள் சொத்தும் அல்ல. அதை மூன்றாமவருக்குக் காட்ட அவர்களின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும்.

6. மாதிரி எடுப்பதிலும் அனுப்புவதிலும்தான் பாதி வேலை கெடுகிறது

கெட்ட ஜாப்களை மட்டும் அனுப்பாதீர்கள். நல்ல லாட்டிலிருந்து ஐந்து, கெட்ட லாட்டிலிருந்து ஐந்து, ப்ளேட்டிங் செய்யாத வெறும் ஸ்டீல் இரண்டு. ஒப்பிட நல்லது இல்லாவிட்டால், கெட்டதில் தெரியும் எந்தக் குறை காரணம், எது எப்போதும் இருப்பது என்று பிரித்தறிய முடியாது. இதே எண்ணிக்கையை உங்களிடமும் எடுத்து வையுங்கள். முடிவில் சந்தேகம் வந்தால் அதே லாட்டை இன்னொரு இடத்தில் சோதிக்க அதுதான் வழி.

வெறுங்கையால் தொடக் கூடாது. வியர்வையில் குளோரைடு இருக்கிறது; விரல் ரேகையின் வடிவிலேயே துரு வரும். காட்டன் கையுறை போட்டு எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாலிதீன் பையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், ரப்பர் பேண்ட் போடாதீர்கள். பையின் மேல் லாட் எண், ப்ளேட்டிங் தேதி, டேங்க் எண், ஷிப்டு. ஜாப்பின் மேல் மார்க்கரால் எழுதக் கூடாது.

திரவ மாதிரிகள்: ப்ளேட்டிங் பாத் (டேங்கிலுள்ள கரைசல்) ஒரு லிட்டர், பாசிவேஷன் அரை லிட்டர், கடைசி ரின்ஸ் தண்ணீர் ஒரு லிட்டர், உள்ளே வரும் தண்ணீர் ஒரு லிட்டர். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது, நன்றாகக் கலக்கிவிட்டு, டேங்கின் நடு ஆழத்திலிருந்து எடுங்கள். காலையில் மேலாக மொண்டால், அடியில் படிந்தது விட்டுப்போகும். புதிய எச்டிபிஇ (கெட்டியான பிளாஸ்டிக்) பாட்டில்தான். குளிர்பான பாட்டில் கூடாது. மொள்ளும்போது இருந்த வெப்பத்தையும் பிஎச்சையும் பாட்டிலில் குறியுங்கள்.

உங்களுடையது சயனைடு பாத் என்றால் கூரியரில் அனுப்பவே கூடாது. அமிலம் பட்டால் உயிரைக் குடிக்கும் வாயு வரும். ஆய்வகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அவர்கள் சொல்லும் முறையில் மட்டும் ஒப்படையுங்கள்.

10.9, 12.9 தர போல்ட்டுகள் இருந்தால் தனியாகக் குறிப்பிடுங்கள். அதிக வலிமை ஸ்டீலுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, இறுக்கிய பிறகு திடீரென முறியும் ஆபத்து உண்டு. அதற்கான பேக்கிங் (அடுப்பில் சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேற்றுவது), 190 முதல் 220 டிகிரியில், ப்ளேட்டிங் முடிந்து நான்கு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்; பாசிவேஷன் அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் சூட்டில் பாசிவேஷன் படலம் வெடித்து, சால்ட் ஸ்ப்ரேயில் தோற்கும். உங்கள் பேக்கிங் எந்த இடத்தில் நடக்கிறது என்பதை ப்ராசஸ் சார்ட்டில் மறைக்காமல் காட்டுங்கள்.

7. சோதனை அறிக்கையை எப்படி வாசிப்பது

முதலில் கடைசிப் பக்கத்தின் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். "இம்முடிவு சோதிக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்" என்று இருக்கும். ஐந்து ஜாப் தேறிவிட்டது என்பதால் ஐயாயிரம் ஜாப் தேறியதாகாது. ஆய்வகத்தின் பெயரை விளம்பரத்திலோ பெட்டியிலோ போடவும் அறிக்கை அனுமதி தராது.

அடுத்து, அந்தக் குறிப்பிட்ட சோதனை அவர்களின் என்ஏபிஎல் அங்கீகார வரம்புக்குள் வருகிறதா என்று பாருங்கள். ஒரு ஆய்வகத்துக்கு அங்கீகாரம் இருக்கிறது என்பதால் அங்கே நடக்கும் எல்லாச் சோதனைக்கும் அங்கீகாரம் உண்டு என்று பொருளல்ல. கஸ்டமர் என்ஏபிஎல் முத்திரை கேட்பாரானால், மாதிரி அனுப்பும் முன்பே இதைக் கேட்டிருக்க வேண்டும்.

எண்களைப் பார்க்கும்போது, சோதனை முறையின் பெயர் உங்கள் கஸ்டமர் சொன்னதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஏஎஸ்டிஎம் பி117, ஐஎஸ்ஓ 9227 இரண்டும் சால்ட் ஸ்ப்ரேதான். ஆனால் இரண்டும் சோதிக்கும் முறையை மட்டுமே சொல்கின்றன. எத்தனை மணி தாங்க வேண்டும் என்பது கஸ்டமரின் தாளில்தான் இருக்கும். அறிக்கையில் "பாஸ்" என்ற சொல்லைத் தேடி ஏமாறாதீர்கள்.

8. திட்ட ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டியவை

சோதனையும் ஆலோசனையும் முடிந்து, உண்மையிலேயே புதிய ப்ராசஸ் தேவை என்று தெரிந்தால் இந்தப் படி. சிஎஸ்ஐஆர் ஆய்வகங்கள் தனி நிறுவனங்கள் அல்ல. ஒப்பந்தம் சிஎஸ்ஐஆர் பெயரில், அந்த ஆய்வகம் வழியாகச் செய்யப்படும். காப்புரிமை விண்ணப்பமும் சிஎஸ்ஐஆர் பெயரில்தான் போகும். எனவே விஞ்ஞானி வாய்மொழியாகச் சொல்லும் உறுதி எதுவானாலும், அவர் எவ்வளவு நல்ல மனிதரானாலும், எழுத்தில் வர வேண்டும்.

முடிவுப் பொருள் என்ன என்பதை முதலில் எழுதுங்கள். "ஒரு அறிக்கை" என்று இருந்தால் அறிக்கைதான் வரும். நம் உதாரணத்தில் இப்படி இருக்க வேண்டும்: பாத் கலவையும் அதன் எல்லைகளும், ஒவ்வொரு ரசாயனத்தின் தரமும் சந்தையில் கிடைக்கும் பெயரும், பகுப்பாய்வு முறை, அதாவது உங்கள் சிறிய லேபில் செய்யக்கூடிய டைட்ரேஷன், உங்கள் டேங்கில் தொடர்ந்து பத்து லாட் 96 மணி தாண்ட வேண்டும் என்ற ஏற்பு அளவுகோல், உங்கள் ஆட்கள் இருவருக்குப் பயிற்சி.

அந்தப் பத்து லாட் வரி மிக முக்கியம். இது இல்லாத திட்டங்கள் பீக்கரில் வெற்றி பெற்று, டேங்கில் தோற்று, கோப்பில் "முடிந்தது" என்று மூடப்படுகின்றன.

பணத்தைத் தவணையாகப் பிரியுங்கள். ஒவ்வொரு தவணையையும் ஒரு முடிவுப் பொருளோடு கட்டுங்கள். கட்டணத்தின் மேல் பொதுவாக 18 சதவீத ஜிஎஸ்டி வரும் என்பதைத் திட்டச் செலவில் சேருங்கள். உங்கள் ஜிஎஸ்டி எண் இன்வாய்ஸில் சரியாக இருந்தால்தான் உள்ளீட்டு வரவு எடுக்க முடியும். டிடிஎஸ் பிடிப்பதா வேண்டாமா என்பதை அவர்களின் கணக்குப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். ஆய்வகத்தின் அதிகாரபூர்வக் கணக்கைத் தவிர வேறெங்கும் பணம் போகக் கூடாது.

கால அட்டவணையில் ஒரு நுணுக்கம். ஆய்வகம் பொருள் வாங்க அரசு கொள்முதல் விதிகளைப் பின்பற்ற வேண்டும். சாதாரண கெமிக்கலுக்கே வாரக்கணக்கில் ஆகலாம். நிதியாண்டு மார்ச்சில் முடிவதால் அந்தச் சமயத்தில் நெரிசல் அதிகம். முடிந்த பொருள்களை, குறிப்பாக நீங்கள் வாங்கும் அதே கெமிக்கல், அதே ஸ்டீல், அதே தண்ணீர் ஆகியவற்றை, நீங்களே கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். காலமும் மிச்சம், பத்தாவது படியில் வரப்போகும் தலைவலியும் குறையும்.

அறிவுசார் உரிமையில் மூன்றைப் பிரித்துப் பேசுங்கள். ஆய்வகம் முன்பே வைத்திருந்தது அவர்களுடையது. நீங்கள் முன்பே வைத்திருந்தது உங்களுடையது. அதைப் பட்டியலிட்டுத் தேதியோடு இணைப்பாகச் சேருங்கள், இல்லாவிட்டால் பிறகு நிரூபிக்க முடியாது. திட்டத்தில் புதிதாகப் பிறப்பது யாருடையது என்பதுதான் பேச வேண்டியது. முழு உரிமை கிடைக்காவிட்டால், உங்கள் பொருள் வகைக்கு மட்டும், சில வருடங்களுக்கு வேறு யாருக்கும் தராத உரிமம் கேளுங்கள். ஒரு சிறு தொழிற்சாலைக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

கட்டுரை வெளியீடு விஞ்ஞானிக்கும் அவரிடம் படிக்கும் மாணவருக்கும் வாழ்க்கை. அதைத் தடுக்க முயலாதீர்கள். அனுப்பும் முன் 30 நாள் உங்கள் பார்வைக்கு வர வேண்டும் என்று எழுதுங்கள். காப்புரிமை விண்ணப்பத்துக்கு முன் விஷயம் வெளியே வந்துவிட்டால் புதுமை போய்விடும். நீங்கள் கண்காட்சியில் வைத்துக் காட்டுவதும் கஸ்டமருக்கு விற்பதும் அதே கேட்டைச் செய்யும். நீங்களே விண்ணப்பிப்பதானால், சிறு நிறுவனம் என்பதற்குப் படிவம் 28 இணைத்தால் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 8,000 ரூபாய்க்குப் பதில் 1,600 ரூபாய்.

9. நிதி உதவியை எப்போது கேட்பது

வேலை தொடங்கும் முன். இதில் வரிசை தவறினால் திருத்த வழியில்லை. பொதுவாக, ஏற்கெனவே செய்த செலவை நிதி உதவித் திட்டங்கள் ஏற்பதில்லை. ஆய்வகத்தின் விலைப்புள்ளியை வாங்கி, அதை இணைத்து விண்ணப்பித்து, ஒப்புதல் வந்த பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்து.

உத்யம் பதிவு இல்லாமல் எதுவும் நகராது. பதிவுக்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இணையதளம் போலி. 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் உயர்ந்திருக்கின்றன: குறுநிறுவனத்துக்கு முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி. சிறுநிறுவனத்துக்கு 25 கோடி, 100 கோடி. பழைய வகையில் இருக்கிறீர்களா என்று சரிபாருங்கள்.

தமிழ்நாட்டில், தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் திட்டம் இந்த மாதிரி வேலைக்கே உரியது: தொடக்க நிலைக்கு 2 லட்சம் வரை, அடுத்த நிலைக்கு 5 லட்சம் வரை. மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இன்னோவேட்டிவ் திட்டத்தில் காப்புரிமைச் செலவைத் திரும்பப் பெற வழியுண்டு. மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆய்வுத் துறையான டிஎஸ்ஐஆரின் பிரிசம் திட்டம், புதுமையான பொருளோ முறையோ உருவாக்குபவர்களுக்கானது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதற்குப் பொதுவான காரணம், வழக்கமான இயந்திரம் வாங்குவதைப் புதுமை என்று எழுதுவது.

10. பீக்கரிலிருந்து டேங்குக்கு

எல்லாப் படிகளிலும் கடினமானது இதுதான். ஆய்வகத்தில் வெற்றி பெற்ற ப்ராசஸ் தொழிற்சாலையில் தோற்பதற்குக் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றேபோல் இருக்கும்.

தண்ணீர்: அங்கே டிஎம் வாட்டர் (உப்புகள் நீக்கிய தண்ணீர்), இங்கே போர் தண்ணீர். ரசாயனம்: அங்கே ஆய்வகத் தரம், இங்கே கமர்ஷியல் மூட்டை. துத்தநாக குளோரைடில் உள்ள ஈயம், காட்மியம் போன்ற கலப்படம் பூச்சைக் கறுப்பாக்கும். வெப்பம்: அங்கே ஏசி அறையில் 25 டிகிரி, இங்கே மே மாதத்தில் ஷெட்டுக்குள் 40ஐத் தொடும். அமில துத்தநாக பாத்தில் பிரைட்னர் (பூச்சுக்குப் பளபளப்பு தரும் ரசாயனம்) குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் கலங்கிப் பிரிந்துவிடும். பாத் குளிர்விப்பான் தேவையா என்பதைத் திட்டத்திலேயே கேளுங்கள்.

வடிவம்: அங்கே தட்டையான பேனல், இங்கே பேரலில் (துளையிட்ட சுழலும் பீப்பாயில்) உருளும் போல்ட். பேரலில் கரண்ட் அடர்த்தி, ஜாப்களை மாட்டித் தொங்கவிடும் ராக்கைவிடக் குறைவு, ஜாப்போடு ஜாப் உரசும். பேனலில் கிடைத்த தடிமனை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். இழுத்துச் செல்லல்: டேங்கிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு பேரலும் கரைசலைக் கொண்டுபோகிறது, முந்தைய ரின்ஸைக் கொண்டுவருகிறது. பீக்கரில் பத்துப் பேனல் போட்டால் இது தெரியாது; ஆயிரம் பேரலில் பாத் வேறாகிவிடும்.

அதனால் நேரே 2,000 லிட்டர் டேங்கில் ஊற்றாதீர்கள். முதலில் ஆய்வகத்தில் ஹல் செல் (ப்ளேட்டிங் கரைசலைச் சோதிக்கும் சிறு தொட்டி), ஆனால் உங்கள் தண்ணீர், உங்கள் கெமிக்கலோடு. 267 மி.லி. ஹல் செல்லில் 2 கிராம் சேர்ப்பது லிட்டருக்கு 7.5 கிராமுக்குச் சமம் என்பதால், டேங்குக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுவது எளிது. அடுத்து உங்கள் இடத்திலேயே 50 முதல் 100 லிட்டர் டப்பில், சிறிய பேரலில், இரண்டு வாரம் ஓட்டுங்கள். ஆம்பியர்-மணி கணக்கு வைத்து, எத்தனை ஆம்பியர்-மணிக்கு எவ்வளவு பிரைட்னர் குறைகிறது என்று எழுதுங்கள். அது நிலைப்பட்ட பிறகே பெரிய டேங்க். விஞ்ஞானி கட்டாயம் வர வேண்டியது இந்த இரண்டு வாரத்தில்தான். தொடக்க விழாவுக்கு அல்ல.

பழைய டேங்கை இந்தச் சமயத்தில் காலி செய்துவிடாதீர்கள். புதியது நிலைப்படும் வரை கஸ்டமருக்குச் சரக்கு போக வேண்டும்.

11. ஆயத்த தொழில்நுட்பத்துக்கு உரிமம் வாங்குவதானால்

கையெழுத்துக்கு முன் செயல்விளக்கம் கேளுங்கள்: உங்கள் மூலப்பொருளில், உங்கள் கண் முன்னால். எந்த அளவில் நிரூபிக்கப்பட்டது என்று கேளுங்கள். ஐந்து லிட்டரா, ஐந்நூறு லிட்டரா? ஏற்கெனவே உரிமம் வாங்கியவர்கள் உற்பத்தியில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். முடிந்தால் அவர்களில் ஒருவரைப் போய்ப் பாருங்கள்.

உரிமம் பெரும்பாலும் பிரத்தியேகமற்றது. உங்கள் போட்டியாளரும் நாளை வாங்கலாம். அதைக் குறையாக எண்ண வேண்டாம். விலை குறைவாக இருப்பதே அதனால்தான். ராயல்டி எந்த விலையின் மேல் கணக்கிடப்படும், ஜிஎஸ்டியும் லாரி வாடகையும் அதில் சேருமா, விற்பனை இல்லாத வருடத்தில் குறைந்தபட்சத் தொகை உண்டா என்ற மூன்று கேள்விக்கும் ஒப்பந்தத்தில் விடை இருக்க வேண்டும். நீங்கள் பின்னால் செய்யும் மேம்பாடு யாருக்குச் சொந்தம் என்பதையும் அப்போதே பேசுங்கள்.

12. உற்பத்தியை மாற்றும் முன் வாங்க வேண்டிய இரண்டு ஒப்புதல்கள்

ஒன்று கஸ்டமர். ப்ராசஸை மாற்றினால், முன்பு ஒப்புக்கொண்ட மாதிரி ஒப்புதல் செல்லாது. வாகன உதிரிபாகமானால் பிபிஏபி (உற்பத்திக்கு முன் கஸ்டமர் தரும் உதிரிபாக ஒப்புதல்) மறுபடியும் தேவைப்படும். சொல்லாமல் மாற்றி, நன்றாகவே வந்தாலும், தணிக்கையில் தெரிந்தால் சப்ளை நின்றுவிடும்.

இரண்டு, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். எலக்ட்ரோப்ளேட்டிங் சிவப்பு வகைத் தொழில். கெமிக்கல் மாறினால் கழிவுநீரும் மாறும். இசைவாணையில் திருத்தம் தேவையா என்று கேட்க வேண்டும். தொழில்நுட்பப் பக்கத்திலும் இதில் ஒரு கண்ணி உண்டு. புதிய பாசிவேஷன்களிலும் துத்தநாக-நிக்கல் பாத்களிலும் உள்ள கரிமச் சேர்மங்கள் உலோக அயனிகளைக் கவ்விக்கொள்கின்றன. சுண்ணாம்பு போட்டால் வழக்கமாகப் படியும் உலோகம் படியாமல் வெளியேறும். எனவே திட்டத்திலேயே கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் சோதனையையும் ஒரு முடிவுப் பொருளாகச் சேருங்கள்: உங்கள் ஈடிபியில் (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில்) எந்தப் பிஎச்சில், எந்த மருந்தில், எவ்வளவு உலோகம் மிஞ்சுகிறது என்று. பூச்சு தேறி, கழிவுநீர் தோற்றால் அந்த ப்ராசஸை ஓட்ட முடியாது.

ஒப்புதல்கள் கிடைத்து உற்பத்தி தொடங்கியதும், முதல் மூன்று மாதம் ஒவ்வொரு லாட்டிலும் மூன்று ஜாப்பைச் சால்ட் ஸ்ப்ரேயில் போட்டுப் பதியுங்கள். ஆய்வகத்தின் கடைசித் தவணையை இந்தப் பதிவேட்டைக் காட்டியே விடுவிப்பதாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், கோடையிலும் மழையிலும் பாத் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க அவர்களும் ஆவலோடு கேட்பார்கள்.